சர்வேயரின் விழாத கால்

தாழையூரில் வயதானவர்கள் விழத் தொடங்கிய வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது, ஏரி தளும்பிக்கொண்டிருந்தது, கத்தரிக்காய் சீந்துவாரில்லாமல் கிடந்தது, ஆகவே ஊருக்கு வேறு கவலை இல்லாததால் இதைக் கவனிக்க நேரம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் விழுந்தவர் லூர்துமேரி டீச்சர். கடைத்தெருவில், பட்டப்பகலில், ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்து வாடலா பசுமையா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றவர், நின்றவாக்கில் முழங்கால் மடிந்து, இரண்டு கையும் தரையில் ஊன்றி, நெற்றி மண்ணில் பட, கீரைக்காரி செண்பகத்தின் காலடியில் விழுந்தார். ஒரு சிராய்ப்பு இல்லை, மூக்குக்கண்ணாடி நழுவவில்லை, கையிலிருந்த கீரைக்கட்டு கூட அவிழவில்லை. உட்காரவைத்து சோடா கொடுத்தபோது டீச்சர் அழுதார்.

"நாலாங்கிளாஸ்ல உன்னைப் பார்த்து, மாடு மேய்க்கத்தான் லாயக்குன்னு சொன்னேனே செம்பகம்! அதோட நீ பள்ளிக்கூடத்துப் பக்கமே வரலியே! இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அது மறந்தே போயிருந்துச்சே!"

செண்பகத்துக்கு வந்தது அழுகையல்ல, பயம். "ஐயோ டீச்சர், பெரியவங்க நீங்க, என் கால்ல விழலாமா? எனக்கில்ல ஆயுசு கொறையும்!" என்று கூடையைத் தள்ளிவிட்டு அவளும் டீச்சர் காலில் தொப்பென்று விழுந்தாள். எதிரே பேப்பர் கடையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ரிட்டயர்டு சர்வேயர் திருஞானத்துக்குக் காரணம் தெரியாமல் உள்ளங்கை வியர்த்தது. காரணம் தெரியாமல் என்பது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. காரணம் அவர் வீட்டில், சமையலறையை ஒட்டிய பின்னறையில், இடுப்பெலும்புக்குத் தகடு வைத்துக் கட்டிலில் கிடந்தது.

அதற்கப்புறம் விழுந்தவர்களைச் சொல்லி மாளாது. காப்பிக்கொட்டை வறுக்கிற வீரராகவன் தன் சம்பந்தி வீட்டு வாசலில் விழுந்தார், முன்னாள் கவுன்சிலர் தையல்நாயகி தன் மருமகன் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் விழுந்தாள், பேருந்து நிலையத்துப் பழக்கடைப் பெரியவர் தன் சொந்த மகன் முன்னால், அதுவும் அவன் வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருக்கையில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஆண்கள் விழுந்தால் எட்டு அங்கமும் தரையில் பட்டது, பெண்கள் விழுந்தால் முழங்கால் மடிந்தது, விழுகிறதிலும் முறை தப்பவில்லை. ஒருவருக்கும் அடிபடவில்லை. எழுந்து உட்கார்ந்ததும் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: எனக்கு மறந்தே போயிருந்தது. யாருக்கு என்ன செய்தோம் என்பது தலைக்கு மறந்துபோனாலும் காலுக்கு மறக்கவில்லை என்று ஊர் புரிந்துகொண்டது, புரிந்துகொண்டதும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது, ஏனென்றால் தண்ணீர் லாரி வராத நாள், கரண்டு இல்லாத நாள் என்று எதையும் ஏற்றுக்கொண்டு பழகிய ஊர் அது.

ஊருக்குப் பிரச்சினை விழுகிறவர்களால் இல்லை, யார் முன்னால் விழுந்தார்களோ அவர்களால்தான் வந்தது. பெரியவர் காலில் விழுந்தால் சின்னவருக்கு ஆயுசு குறையும் என்கிற பயம் தாழையூரில் படித்தவன் படிக்காதவன் எல்லாருக்கும் உண்டு. அதனால் நரைத்த தலை எதிரே வந்தால் இளவட்டங்கள் பக்கத்துச் சந்தில் நுழைந்தார்கள், மருமகள்கள் மாமியாருக்குச் சோற்றுத்தட்டை எட்ட நின்று நீட்டினார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனவர்கள் ஜன்னல் வழியாகவே கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு செண்பகம் காட்டிய வழியே ஊர்வழக்கமாயிற்று. பெரியவர் விழுகிறபோதே சின்னவரும் விழுந்துவிட வேண்டும், போன ஆயுசு போன சூட்டோடு திரும்பி வந்துவிடும். தெருவுக்குத் தெரு இரண்டிரண்டு பேர் தலையோடு தலை முட்டிக்கொண்டு கிடப்பதும், சைக்கிள்காரன் மணியடித்துச் சுற்றிக்கொண்டு போவதும் சகஜமாகிப் போனது. நகராட்சி முச்சந்திகளில் தேங்காய்நார்ப் பாய் விரித்தது. பஞ்சாயத்து பேசிப் பிழைத்தவர்களுக்குப் பிழைப்பு போனது. யார் மாமனார் இன்னும் விழவில்லை என்பதுதான் குழாயடியில் பேச்சு.

இந்தச் சமயத்தில்தான் மங்களவிலாஸ் கல்யாண மண்டபத்தில் முதியோர் நடைப் பரிசோதனை முகாம் நடந்தது. பிஸியோதெரபி டாக்டர் நஸீமா மாவட்டத் தலைநகரத்திலிருந்து வந்திருந்தாள், நாலு மாதத்துக்கு முன்பே போட்ட ஏற்பாடு, விழுகிற சங்கதி எதுவும் அப்போது அவளுக்குத் தெரியாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும், தரையில் ஒட்டியிருக்கிற நாடா வரைக்கும் நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், வந்து உட்கார வேண்டும், பிறகு ஒரு பாதத்துக்கு முன் ஒரு பாதம் ஒட்டி வைத்து ஆடாமல் நிற்க வேண்டும். நஸீமா கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு பார்ப்பாள். விழுகிற ஆபத்து அதிகம் என்றால் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை, கொஞ்சம் என்றால் மஞ்சள், இல்லையென்றால் பச்சை. ஊர்ப்பெரியவர்கள் அம்மன் காப்புக் கட்டிக்கொள்வதுபோலக் கையை நீட்டிக் கட்டிக்கொண்டார்கள்.

திருஞானத்துக்கு எழுபத்தெட்டு வயது. வேலையில் இருந்த காலமெல்லாம் அளவுச் சங்கிலி பிடித்து வயலும் மேடுமாக நடந்த மனுஷன், ஜில்லாவில் தன் கால் படாத வரப்பு இல்லை என்பது அவர் பெருமை, நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்க்காமலே தூரம் சொல்லுவார். நாற்காலியிலிருந்து வாலிபன் மாதிரி எழுந்தார், நடந்தார், நாடாவில் கால் படாமல் திரும்பினார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து பாதத்தோடு பாதம் ஒட்டி ஆடாமல் நின்றார். மண்டபத்தில் கைதட்டினார்கள். நஸீமா பச்சைப் பட்டையைக் கட்டிக்கொண்டே வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"வீட்டுல வேற பெரியவங்க யாராவது விழுந்திருக்காங்களா ஐயா?"

"தங்கச்சி. போன வருஷம் விழுந்தா."

"எப்படி விழுந்தாங்க?"

"பார்த்து நடக்கத் தெரியல."

"தரை ஈரமா இருந்துச்சா? எண்ணெய், சோப்பு ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

சொல்லிவிட்டுத் தன் முழங்காலைப் பார்த்தார். இப்போது மடியும், இதோ மடியும் என்று காத்திருந்தார். மடியவில்லை. கல்தூண் மாதிரி நின்றது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர் அவர். மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் குளியலறை வாசலில் கிண்ணத்தோடு கவிழ்த்துவிட்டார், அப்புறம் துடைத்துக்கொள்ளலாம் என்று முக்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். தங்கை பவுனாம்பாள் அவர் குளிப்பதற்காகத்தான் வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே தாலியிழந்து இந்த வீட்டுக்கு வந்தவள், அண்ணி உயிரோடு இருந்தபோதும் போனபிறகும் இந்த வீட்டு அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டவள், அன்றைக்கு விழுந்தபோதும் 'அண்ணே' என்றுதான் கத்தினாள். வாளி குளியலறைக்குள் உருண்டு வெந்நீர் சாக்கடையில் வடிந்தது, திருஞானம் ஓடி வந்தார். தோளிலிருந்த துண்டை உருவினார். தரையில் கிடந்த எண்ணெயை வழித்துத் துடைத்தார், மூலைவரை துடைத்தார், கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்தார், துண்டைச் சுருட்டி வாளிக்குப் பின்னால் திணித்தார். அதன் பிறகுதான் குனிந்து, "என்ன பவுனு, பார்த்து நடக்கத் தெரியாதா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் அதையே சொன்னார், மகனிடமும் மருமகளிடமும் அதையே சொன்னார், கடைசியில் பவுனாம்பாளும் வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "எல்லாருக்கும் சிரமம் குடுத்துட்டேன். எனக்குத்தான் பார்த்து நடக்கத் தெரியல." அவள் அப்படிச் சொல்கிறபோதெல்லாம் திருஞானம் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அன்றிலிருந்து அவர் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில்லை. காரணம் கேட்ட மருமகள் ஹேமலதாவிடம், சளி பிடிக்கிறது என்றார்.

முகாம் முடிந்து நஸீமா போன பிறகு அவள் கட்டிய பட்டைகளை ஊர் தன் இஷ்டத்துக்குப் படித்துக்கொண்டது. பச்சைப் பட்டை கட்டிய பலபேர் மறுநாளே விழுந்தார்கள், சிவப்புக்காரர்கள் சிலர் தடியை ஊன்றிக்கொண்டு விழாமல் திரிந்தார்கள். பச்சை கட்டிக்கொண்டு கடைசிவரை விழாத ஒரே ஆள் சர்வேயர்தான் என்று ஆனதும், ஒரு பாவமும் செய்யாத மனுஷன் இவர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். புதிதாகப் போட்ட தார்ச்சாலையில் முதல் அடி வைக்க அவரைக் கூப்பிட்டார்கள். கடை திறக்க, வீடு குடிபோக, பாகம் பிரிக்க அவர் வந்து நின்றால் போதும் என்றார்கள். போதாததற்குத் தாய்மார்கள் நடை பழகும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பச்சைப்பட்டைக்காரர் விரலைப் பிடித்து முதல் நடை நடந்த பிள்ளை ஜென்மத்துக்கும் விழாதாம்.

முதலில் அவருக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன். என்மேல் தப்பிருந்தால் நான் விழுந்திருக்க மாட்டேனா, பவுனு இருக்கிற வீட்டில்தானே காலையும் மாலையும் நடமாடுகிறேன், கால் நிற்கிறதே, அப்படியென்றால் அது அவள் விழுந்ததுதான், கிண்ணம் தானாகக் கவிழ்ந்ததுதான் என்று மனசுக்குள் வழக்காடி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு குழந்தையும் அந்தப் பிஞ்சு விரல்களால் அவருடைய ஆள்காட்டி விரலைச் சுற்றிப் பிடிக்கும்போது, அந்த விரல்தான் துண்டை அழுத்தித் தரையின் மூலைவரை துடைத்த விரல் என்று நினைவு வந்துவிடும். குழந்தைகள் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கும். வெட்கம் அவர் காது மடலில் சூடாக ஏறும். தாய்மார்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் முற்பகல் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தபோது, அவர்களில் வாயாடியான ஒருத்தி எழுந்து பின்னறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஊர்ப் பிள்ளைய எல்லாம் நடக்க வைக்கிறீங்களே தாத்தா, கூடப் பொறந்தவங்களையும் ஒரு வாட்டி கையப் பிடிச்சு நடக்க வச்சுருங்களேன்!"

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். உள்ளேயிருந்து பவுனாம்பாளின் குரல் கேட்டது.

"சும்மா இருங்கடி. அண்ணனைத் தொந்தரவு பண்ணாதீங்க. நான் பார்த்து நடக்காம விழுந்ததுக்கு அவரு என்ன செய்வாரு பாவம்."

பாவம் என்ற அந்த வார்த்தை காதில் விழுந்ததும் திருஞானம் எழுந்துவிட்டார். விரலைப் பிடித்திருந்த குழந்தையைத் தாயிடம் தள்ளிவிட்டு, இனிமேல் யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய், துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார்.

அதே வாரத்தில் நஸீமா வீட்டுக்கு வந்தாள். பவுனாம்பாளுக்கு வாக்கரைப் பிடித்து நிற்கப் பழக்கவேண்டும் என்று ஹேமலதாதான் வரச்சொல்லியிருந்தாள். பவுனாம்பாள் கட்டிலிலிருந்து எழுந்தாள், வாக்கரை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு நடுங்கினாள், ஒரு அடி எடுத்து வைக்கப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள். திருஞானம் நிலைப்படிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் அவர் அங்கேதான் நிற்பார். அங்கே நின்றுதான் 'எப்படியிருக்கு பவுனு' என்பார், அங்கே நின்றுதான் ஹேமலதாவிடம் காப்பியை நீட்டி உள்ளே கொடுக்கச் சொல்வார்.

"உள்ள வாங்களேன் ஐயா," என்றாள் நஸீமா.

"இல்லம்மா, இங்கேயே இருக்கேன்."

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அம்மாவுக்குக் கால்ல பலம் இருக்கு. பயம்தான். நெறைய பேர் இப்படித்தாங்கய்யா. விழுந்த எடத்துப் பக்கமே போகமாட்டாங்க, அதனால திரும்ப விழவே மாட்டாங்க. விழலைங்கறதுக்காக நல்லா நடக்கறாங்கன்னு அர்த்தமில்ல."

அவள் சொன்னது பவுனாம்பாளைப் பற்றி. திருஞானம் பச்சைப் பட்டையைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்தார். ஒரு வருஷமாக, ஒரே கூரையின் கீழே, அந்த நிலைப்படியை ஒருதரம்கூடத் தாண்டவில்லை, தங்கையின் எதிரே ஒரு நிமிஷம் போய் நிற்கவில்லை. ஊரெல்லாம் அளந்த மனுஷனுக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கக்கேடு.

மறுநாள் சனிக்கிழமை. குளிக்கிற நேரத்துக்குச் சட்டையைக் கழற்றி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் நேராகப் பின்னறைக்குப் போனார். பவுனாம்பாள் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிலைப்படியைத் தாண்டி அவர் உள்ளே வந்ததும் அவள் கை நின்றது. அண்ணனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவருடைய முழங்காலைப் பார்த்தாள். ஊரில் இன்னார் இன்னார் முன்னால் விழுந்தார் என்ற கதையெல்லாம் ஹேமலதா சொல்லி அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடத்துக் கடிகாரம் அடித்து ஓய்ந்தது. தெருவில் பழைய பேப்பர்க்காரன் கூவிக்கொண்டு போனான். கால் மடியவில்லை.

விழுந்தவர்கள் எல்லாரும் மறந்துபோனவர்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. மறந்தவர்களுக்குத்தான் கால் எடுத்துச் சொன்னது. அவர் ஒருநாளும் மறக்கவில்லை, ஒரு பொழுதும் மறக்கவில்லை, எல்லாம் தெரிந்த ஆளுக்குக் கால் எதைச் சொல்லும்? லூர்துமேரி டீச்சருக்குக் கிடைத்த மெத்தென்ற விழுகை அவருக்குக் கிடையாது. இறங்கவேண்டுமானால் அவராகத்தான் இறங்க வேண்டும்.

இறங்கினார். கட்டில் காலைப் பிடித்தார், வலது முழங்காலை மடக்கினார், அது தேங்காய் உடைகிற மாதிரி சத்தம் போட்டது. இடது முழங்காலைக் கீழே கொண்டுவர முடியாமல் பாதியில் தொங்கினார், பல்லைக் கடித்தார், ஒரு கையை ஊன்றினார், அது வழுக்கி முழங்கை தரையில் மோதியது, வலியில் கண் கலங்கியது. ஜில்லா முழுக்க நடந்த கால்களை ஒவ்வொன்றாகப் பின்னால் நீட்டினார். மார்பு தரையில் பட்டது, கடைசியில் நெற்றியும் பட்டது. தங்கையின் பாதம் அவர் தலைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் தொங்கியது.

"பவுனு, எண்ணெய் நான் கொட்டினது."

மேலிருந்து பூண்டுத்தோல் ஒன்று மெதுவாக வந்து அவர் முதுகில் விழுந்தது.

"தெரியும்," என்றாள் பவுனாம்பாள்.

அவர் தலையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை.

"கைய ஊன்றப் போனேன்ல, உள்ளங்கையெல்லாம் ஓம வாசன. ஆஸ்பத்திரில ஊசி போட்டு மயங்கற வரைக்கும் அந்த வாசன போகல. அது பரவால்ல, யாரு கையிலதான் கிண்ணம் கவிழாது? நீ துண்டை உருவினப்ப, என்னைத் தூக்கத்தான் வர்றேன்னு நெனச்சேன்."

பேசத் தெரிந்த நாளிலிருந்து அண்ணனை நீங்க என்று மட்டுமே சொன்ன வாய் அது. திருஞானம் அந்த நீயைக் கேட்டார். தரையோடு தரையாகக் கிடந்த முகம் இன்னும் கீழே போக இடம் தேடியது.

"தரையத் தொடச்ச. மூலை முடுக்கெல்லாம் தொடச்ச. நான் பக்கத்துலயே கெடந்து பாத்துக்கிட்டிருந்தேன்."

"பவுனு..."

"ஒரு நாளாவது உள்ள வந்து சொல்லுவேன்னுதான் ஊரெல்லாம் பார்த்து நடக்கத் தெரியலன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். உன் காதுல விழற மாதிரி சொன்னேன்."

குரல் கேட்டு ஹேமலதா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். மாமனார் குப்புறக் கிடப்பதையும் அத்தை உட்கார்ந்திருப்பதையும் பார்த்ததும் அவளுக்குக் கையும் காலும் ஓடவில்லை. "ஐயோ மாமா! அத்தை, காலை இழுத்துக்குங்க, உங்களுக்கு ஆயுசு கொறைஞ்சிரும்! மாமா, கையக் குடுங்க!" என்று குனிந்தாள்.

"தூக்காதே ஹேமா," என்றாள் பவுனாம்பாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பைக் குறைத்து வை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். "கொஞ்ச நேரம் அப்பிடியே கெடக்கட்டும். நான் கெடந்தேன்ல."

ஹேமலதா கையைப் பிசைந்துகொண்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். திருஞானம் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு கிடந்தார். தரை சில்லென்று இருந்தது. கட்டிலுக்கு அடியில் தங்கையின் ரப்பர் செருப்புகள், அவள் விழுந்த அன்றைக்குக் கழற்றி வைத்தபடியே, தூசி படிந்து, ஜோடியாக இருந்தன. பவுனாம்பாள் மடியிலிருந்த அடுத்த பூண்டுப்பல்லை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். அடிபட்ட காலைத்தான் இழுக்க முடியாது, நல்ல காலையும் அவள் இழுத்துக்கொள்ளவில்லை.